அலரிக்கு நரை பார்த்த கோணவாலன்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வம்பும் இருந்தது. மரங்கொத்தி குடைந்த பொந்தைப் பற்றி மைனா குறை சொல்லும். மைனா பாடுவதைக் கேட்டு அணில் முகம் சுளிக்கும். இத்தனை வம்புக்கு நடுவிலும் குரங்குகளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒன்றின் ரோமத்தில் இன்னொன்று கை வைக்காது. குட்டியாக இருக்கும்வரை தாய் துடைத்துவிடுவாள். பால் மறந்த பிறகு அவரவர் உடம்பு அவரவர் பாடு. முதுகு அரித்தால் மரத்தில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். உட்காரும்போதும் நடுவில் ஒரு கை தூரம் விட்டுத்தான் உட்காருவார்கள்.

மேற்கு மலையில் ஒரு சுனையை ஒட்டி நாற்பது ஐம்பது குரங்குகள் கொண்ட கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதில் அலரி என்றொரு மந்தி. அழகி. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். காலையில் ஒருதரம், வெயில் சாயும்போது ஒருதரம் சுனைக்கு இறங்கிப்போய்த் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். தேன் நிறத்தில் ரோமம். உச்சியில் வகிடு எடுத்ததுபோல் இரண்டாகப் பிரிந்து படிந்த தலைமுடி. அவள் கிளைவிட்டுக் கிளை தாவும்போது மற்றவர்கள் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

அவள் புருஷன் கோணவாலன். சின்ன வயதில் பலாமரத்திலிருந்து விழுந்ததில் வால் நடுவில் ஒடிந்து கோணலாகவே கூடிவிட்டது. பேரும் அதுவே ஆகிவிட்டது. இடது காதில் பாதி ஒரு சண்டையில் போயிற்று. முன்பற்கள் இரண்டைக் காணோம். இதில் எதுவும் அவனை ஒருநாளும் உறுத்தியதாகத் தெரியவில்லை. சுனைக்குப் போனால் தண்ணீர் குடிப்பான், வந்துவிடுவான்.

ஒரு பங்குனியில் இலவங்காய்கள் வெடித்து மலை முழுக்கப் பஞ்சு பறந்தது. எல்லோர் மேலும் பஞ்சு. உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினால் போய்விடும். அன்று கூட்டமே அத்திமரத்தில் தின்றுகொண்டிருந்தது. தளிரி என்ற இளம் மந்தி அலரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அலரி என்றால் தளிரிக்கு உயிர். அத்தை அத்தை என்று பின்னாலேயே திரிவாள். அத்தையின் பிடரியில் பஞ்சு ஒட்டியிருப்பதைக் கண்டதும், கை வைக்கக்கூடாது என்பதையும் மறந்து எடுத்துவிடப் போனாள். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

"ஆ!" என்று அலறித் திரும்பினாள் அலரி. "என்னட்டி செய்யுத?"

"பஞ்சு ஒட்டியிருந்துச்சு அத்த. எடுத்துட்டேன்" என்ற தளிரி தன் கையைப் பார்த்தாள். கையில் இருந்தது பஞ்சு இல்லை. வெள்ளை முடி, நாலைந்து.

யாராவது சிரித்திருந்தால் அலரி பாய்ந்து கடித்திருப்பாள். சண்டை போட்டு மனமும் ஆறியிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மரமே சட்டென்று வாயை மூடிக்கொண்டது. மேல்கிளையிலிருந்து ஒரு மந்தி மட்டும், "வயசானா வாரதுதான. விடு அலரி" என்று ஆறுதலாகச் சொன்னாள். அந்த ஆறுதலைத்தான் அலரியால் தாங்க முடியவில்லை. பாதி தின்ற பழத்தைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நரைத்த கடுவன்கள், அதாவது ஆண் குரங்குகள், ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஆறுதல் சொன்னதில்லை. நரைத்த கடுவன் நடந்து வந்தால் 'என்ன கம்பீரம்' என்பார்கள். அதே நரை மந்திக்கு வந்தால் 'பாவம், எப்படி இருந்தவ' என்பார்கள். மரத்தில் இருப்பவர்களும் இப்படித்தான்; மரத்தை விட்டு இறங்கி வீடு கட்டிக்கொண்டவர்களும் இப்படித்தான். இது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு கதை இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது வேறு கதை.

அலரி நேரே சுனைக்குப் போனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தபோது காதுக்குப் பின்னால் வெள்ளை தெரிந்தது. அதற்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தெரியவில்லை. கை, கால், வயிறு எல்லாம் பழைய தேன் நிறத்திலேயே இருந்தன. தலையிலும் பிடரியிலும் முதுகிலுமாக, அவள் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து வந்திருந்தது நரை. அன்றோடு அவள் தண்ணீரில் முகம் பார்ப்பதை விட்டாள். குடிக்கப் போனாலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் குடிப்பாள்.

மறுநாள் காலை, கோணவாலன் பெரிய பாறைக்குப் பின்னால் இளவெயில் காய்ந்துகொண்டிருந்தபோது வந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது."

"கேளு."

அவள் முதுகைக் காட்டி அவன் முன்னால் உட்கார்ந்தாள். "எத்தன இருக்கு?"

"எது?"

"நரைதான். வேற எதக் கேக்கேன்?"

கோணவாலன் எட்டிப் பார்த்தான். "இருக்கு கொஞ்சம்."

"பிடுங்குங்க."

அவன் திகைத்துப்போனான். "உம்மேல கை வைக்கவா? யாரும் பாத்தா என்ன சொல்லுவாவ?"

"பாறைக்குப் பின்னால யாரு பாக்கா? எனக்கு எட்டல. எட்டுனா உங்கள ஏன் கேக்கேன்?"

கோணவாலன் தயங்கித் தயங்கி விரலால் ரோமத்தை விலக்கினான். ஒரு வெள்ளையைப் பிடித்து இழுத்தான். அவள் தோளைக் குலுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் அதைக் காற்றில் விடப் போனான்.

"கீழ போடாதிய! நாளைக்கு எவளாவது வந்து பாறையில பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லுவா."

"பின்ன என்ன செய்ய?"

"வாயில போட்டு முழுங்கிருங்க."

"முழுங்கவா?"

"எம்மேல பிரியம் பிரியம்னு சொன்னதெல்லாம் சும்மாதானா?"

கோணவாலன் விழுங்கினான். தொண்டையில் குத்திக்கொண்டு இறங்கியது.

அதிலிருந்து தினமும் இதே வேலை. வெயில் பாறையில் விழுந்ததும் அவள் வந்து உட்காருவாள். அவன் விலக்கி விலக்கிப் பார்ப்பான், பிடுங்குவான், வாயில் போட்டுக்கொள்வான். முதலில் அவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. போகப்போக அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அவளை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததில்லை. இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தன்னை அறியாமலே அவன் மேல் சாய்ந்துகொண்டு பழைய கதையெல்லாம் பேசுவாள். நரை மட்டும் இல்லையென்றால் இதுதான் சொர்க்கம் என்று அவன் நினைத்துக்கொள்வான். நரை இல்லையென்றால் அவள் வந்து உட்காரவே மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆனால் நரை நிற்கவில்லை. இன்று பத்து என்றால் அடுத்த வாரம் தினமும் இருபது. வைகாசி போய் ஆனி பிறந்தபோது அலரியின் முதுகில் இரண்டு இடங்களில் வெறும் தோல் தெரிந்தது. பிடரி தேய்ந்து கிடந்தது. தேன் நிற முடிகூட இல்லாத இடத்தில் வெள்ளை எங்கே இருக்கும்? அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஆடிச் சாரல் வந்தது. மற்றவர்கள் நனைந்துவிட்டுச் சிலுப்பிக்கொண்டு போனார்கள். அலரிக்குத் தூறல் நேராகத் தோலில் விழுந்தது. இரண்டாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பாறை இடுக்கில் சுருண்டு கிடந்தவளைக் கோணவாலன் தன் உடம்பால் மறைத்தபடி மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்த மூன்று நாளும் அவனுக்குப் போன வருஷத்து நினைப்புதான். சொறி பிடித்து ரோமமெல்லாம் கொட்டிப்போன ஒரு கடுவன் கார்த்திகை மழைவரை சமாளித்தான். மார்கழிப் பனியில் ஒரு காலை விறைத்துக் கிடந்தான். ஆடிக்கே இப்படிக் கிடக்கிறவள் மார்கழிக்கு என்ன ஆவாள்?

காய்ச்சல் விட்டு, வெயில் வந்ததும் அவள் மறுபடி வந்து முதுகைக் காட்டினாள். கோணவாலன் கையை மடக்கிக்கொண்டான்.

"போதும் அலரி. இனிமே பிடுங்கமாட்டேன். முடி வளரட்டும். மார்கழி வருது."

"வளந்தா வெள்ளையால்லா வளரும்."

"வளந்தா என்ன? நானும்தான் நரைச்சிருக்கேன்."

"நீங்க நரைச்சாலும் கோணவாலன்தான். நான் நரைச்சா நான் யாரு?" அவள் திரும்பாமலே பேசினாள். "எல்லாரும் பாத்தது இந்த ரோமத்தத்தான். இது போச்சுன்னா ஒருத்தரும் என்னத் திரும்பிப் பாக்கமாட்டாவ. அப்புறம் நான் இருந்தா என்ன, செத்தா என்ன?"

"நான் பாக்கேன்லா."

"நீங்க எப்பவும்தான் பாக்கிய. அது சேத்தியில்ல."

கோணவாலனுக்கு அது சுருக்கென்று தைத்தது. காது பாதி போனபோதுகூட அவனுக்கு இப்படி வலிக்கவில்லை.

"நீங்க பிடுங்கலன்னா நான் பாறையில தேய்ச்சுக்கிடுவேன்" என்று அவள் எழுந்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. சொரசொரப்பான பாறை விளிம்பில் முதுகை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

கோணவாலன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். "வா, வந்து உக்காரு. நானே பாக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் உட்கார்ந்து, ரோமத்தை விலக்கி, ஒரு வெள்ளை முடியின் பக்கத்தில் தோலை நகத்தால் லேசாகக் கிள்ளினான். முடியைத் தொடவில்லை. வெறும் விரலை வாய்க்குக் கொண்டுபோய் மென்றான், விழுங்கினான்.

"போச்சா?" என்றாள் அலரி.

"போச்சு" என்றான் கோணவாலன்.

வாழ்க்கையில் அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. சொன்ன பிறகு பயமாக இருந்தது. மறுநாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் அவ்வளவு பயமில்லை.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. தினமும் கிள்ளுவதும் ஒன்றுமில்லாததை மெல்லுவதுமாக அவன் ஒப்பேற்றிக்கொண்டு வந்தான். அவள் முதுகில் முடி முளைத்தது. முளைத்ததெல்லாம் வெள்ளை. ஐப்பசி மழை ஓய்ந்தபோது தலையிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அடர்ந்து வெளுத்துவிட்டாள். கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்து அவளுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியளா, எவ்வளவு அடர்த்தியா வந்திருக்கு! இந்த வயசுல யாருக்கு வரும்?" என்பாள். "யாருக்கும் வராது" என்பான் அவன். அது பொய்யில்லை.

கூட்டத்தில் எல்லோருக்கும் கண் இருந்ததே, அவர்கள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். முதலில் வாயைத் திறக்கப் போனவள் தளிரிதான். "அத்த, உங்க முதுகு..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே, அலரிக்குப் பின்னாலிருந்து கோணவாலன் கையைக் கூப்பினான். யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவன். தளிரி அதைப் பார்த்தாள். "...உங்க முதுகுல முடி நல்லா அடர்ந்துருக்கு அத்த" என்று முடித்தாள். அவள் போய் மற்றவர்களிடமும் சொல்லி வைத்தாள். வம்புக்கே பிறந்த அந்தக் கூட்டம் ஒரு விஷயத்தை இரண்டு மாதம் பேசாமல் இருந்தது அதுதான் முதல்முறை. அலரி பழையபடி தலையை நிமிர்த்திக்கொண்டு கிளைவிட்டுக் கிளை தாவினாள். எல்லோரும் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு காலை. பனி விலகி வெயில் வந்ததும் இரண்டு பேரும் சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். காற்றே இல்லை; சுனை அசையாமல் கிடந்தது. அலரி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் கோணவாலனுக்குப் பாசியில் கால் வழுக்கிற்று. அவன் "அம்மா!" என்றதும் அவள் பதறிக் கண்ணைத் திறந்தாள்.

தண்ணீரில் கோணவாலன் தெரிந்தான். அவனை ஒட்டினாற்போல் ஒரு மந்தி இருந்தாள். தலையும் பிடரியும் முழுக்க வெள்ளை. பனிக் குளிரில் ரோமம் புசுபுசுவென்று நின்றது. யாரோ அசலூர்க்காரி. வயதானவள்தான், ஆனால் உட்கார்ந்திருப்பதில் ஒரு தோரணை இருந்தது. 'சின்ன வயசுல நல்லா இருந்திருப்பா' என்று அலரி நினைத்தாள். 'இப்பவும் ஒண்ணும் குறைஞ்சு போயிரல' என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததும் பொறாமை முட்டிக்கொண்டு வந்தது. என் புருஷனுக்குப் பக்கத்தில் இவளுக்கு என்ன வேலை?

"ஏட்டி, யாரு நீ?" என்று கையை ஓங்கினாள்.

தண்ணீருக்குள் வெள்ளை மந்தியும் கையை ஓங்கினாள்.

அலரி ஓங்கிய கையை இறக்கவில்லை. அதே கையால் தன் உச்சியைத் தொட்டாள்; தண்ணீரில் இருந்தவளும் தொட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"எத்தன நாளா?"

கோணவாலன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆடியிலருந்து."

"அப்ப தெனமும் வாயில போட்டு மென்னது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததயா அஞ்சு மாசமா மென்னிய? எல்லாருக்கும் தெரியும், என்ன?"

"தெரியும்."

"எல்லாரும் பாக்க, நான் இந்தக் கோலத்துல நிமுந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்." "நான் சாகலாம்னு நினைச்ச அவமானத்த எனக்குத் தெரியாமலே எம்முதுகுல ஏத்தி அனுப்பிட்டியளே!"

"நீ செத்துறக்கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றான் கோணவாலன். "வேற எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் அங்கிருந்து போய்விட்டாள். தனியாக ஒரு மருதமரத்து உச்சிக்கிளையில் ஏறி உட்கார்ந்தாள். யார் கூப்பிட்டும் மூன்று நாள் இறங்கவில்லை.

அந்த மூன்று நாள் அடித்த பனியை மலையில் நெடுநாள் பேசினார்கள். குட்டிகள் தாயின் வயிற்றைவிட்டு இறங்கவில்லை. முதல் நாள் அலரி அழுதாள். இரண்டாம் நாள் கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் விடியும்போது, உச்சிக்கிளையில் அத்தனை காற்றில் உட்கார்ந்திருந்தும் தனக்கு நடுக்கமில்லை என்பதைக் கவனித்தாள். முதுகில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து மாதமாக ஒருவன் பொய் சொல்லிச் சொல்லி வளர்த்த ரோமம். ஊர் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு என்று இருந்துவிட்டோம். பின்னால் உட்கார்ந்து தினமும் பார்த்தவனைச் சேர்த்தியில்லை என்று சொன்னோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். கீழே பார்த்தாள். பாறையில் வெயில் விழுந்துவிட்டது. கோணவாலன் அவள் கண்ணில் படும்படி பாறைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் இடம் காலியாக இருந்தது. அவனுக்குத்தான் உதறிக்கொண்டிருந்தது.

அலரி இறங்கி வந்தாள். அந்தக் காலி இடத்தில் உட்காரவில்லை. சுற்றிப்போய் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் ரோமத்தில் கை வைத்தாள். அவன் விதிர்த்துப்போனான், அவனை யாரும் அப்படித் தொட்டதில்லை. அவள் விலக்கினாள். மேலே பழுப்பு, உள்ளே முழுக்க வெள்ளை. பழைய கடித் தழும்பு ஒன்று. அதன் அருகில், என்றோ ஏறி அப்படியே இருந்துவிட்ட கருவேல முள். தான் ஒருநாள்கூட இவன் முதுகைப் பார்த்ததில்லை என்று அவளுக்கு உறைத்தது.

"இந்த முள்ளு எப்ப ஏறிச்சு?"

"ரெண்டு வருசம் இருக்கும். எட்டல."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் முள்ளை எடுத்துப் போட்டாள். எடுத்த பிறகும் விலக்கிக்கொண்டே இருந்தாள். எதையோ பிடித்ததுபோல் வெறும் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். கோணவாலன் கண்ணை மூடி அவள் மேல் சாய்ந்தான். அவன் உதறல் மெல்ல நின்றது.

பாறைக்குப் பின்னால் நடக்க வேண்டியது அன்று பாறைக்கு முன்னாலேயே நடந்தது. அலரிக்கு மறைக்கத் தோன்றவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தளிரி வந்து அலரியின் வெள்ளை முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "பாக்கட்டா அத்த?" என்றாள். அலரி ஒரு நொடி யோசித்தாள். பிறகு தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். தளிரிக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். நரைக்க இன்னும் எத்தனையோ காலம் இருக்கிற குட்டிகள்கூட வந்து முதுகைக் காட்டின.

அன்று தொடங்கியதுதான். மலைப்பாதையிலோ கோயில் படியிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேன் பார்க்கிறது என்று சொல்லியிருப்பீர்கள். பின்னால் இருக்கிற குரங்கு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. முன்னால் இருக்கிற குரங்கு, என்ன கிடைத்தது என்று இன்றுவரை திரும்பிக் கேட்டதில்லை.